கடுப்பு இறங்கிடுச்சா? - தேள்கடியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தேள் கொட்டியவனிடம் 'கடுப்பு இறங்கிடுச்சா?' என்றுதான் யாரும் கேட்கிறார்கள். பத்து வயதில் விறகுக்கட்டில் கைவைத்து நான் கொட்டு வாங்கியபோது அப்பாயியும் அதையேதான் கேட்டாள். புளியங்கொட்டையைச் சூடேறும்வரை கல்லில் உரசிக் கொட்டுவாயில் ஒட்டினாள். 'வெஷத்தக் குடிச்சிட்டுத் தானா விழுந்துரும்' என்றாள். விடிவதற்குள் விழுந்தது. வலியும் போயிற்று.

அடுத்த வருடம் அதே தெருவில் நாலு வயதுப் பையன் ஒருவனுக்கும் அதே புளியங்கொட்டைதான். அழுகை நின்றது. உடம்பு வேர்த்தது, வாந்தி எடுத்தான், கைகால் சில்லிட்டது. 'வெஷம் எறங்குது' என்றார்கள். காலையில் பையன் இல்லை. 'அவன் நேரம் அவ்வளவுதான்' என்று பேச்சு முடிந்தது.

கைவைத்தியத்தின் வெற்றிக் கதையாடல் இப்படித்தான் கட்டமைக்கப்படுகிறது. பிழைத்தவர்கள் அதன் கணக்கில். செத்தவர்கள் விதியின் கணக்கில். பெரும்பாலான தேள்கடிகள் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு நாளில் தணிபவை. பார்க்கப் பயங்கரமான நட்டுவாக்காலி ஆளைக் கொல்வது அரிது. கொல்வது சிறிய செந்தேள். அதன் விஷம் நரம்புகளைத் தூண்ட, ரத்தக் குழாய்கள் இறுகி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கிறது. வலி குறைந்தாலும் இது நடந்துகொண்டிருக்கும்.

1798இல் டேனிஷ் அறிஞர் ஃபாப்ரீசியஸ், பூச்சிகளைப் பற்றிய தன் நூலில் இத்தேளுக்கு இட்ட பெயரில் 'தமுலுஸ்' என்ற சொல் உள்ளது. 'தமிழ்' என்பதன் லத்தீன் உருவம் அது. காலனிய அறிவு தேளை வகைப்படுத்தி முடித்துவிட்டது. கொட்டு வாங்கிய உடல்களுக்கு அதனால் நெடுங்காலம் எந்தப் பயனும் இல்லை. 1980கள் வரை ஆஸ்பத்திரிகளும் அட்ரோபின், ஸ்டீராய்டு, மயக்கக் கலவை ஊசி என்று கையில் கிடைத்ததைப் போட்டுப் பார்த்தன. அதுவும் ஒருவகைக் கைவைத்தியம்தான். 'லேட்டா கொண்டாந்துட்டீங்க' என்ற வாக்கியம் மந்திரவாதிக்கும் டாக்டருக்கும் பொதுவானதாக இருந்தது.

1976இல் கொங்கணத்தின் பீர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறார். அங்கே வந்தவர்கள் விவசாயக் கூலிகள், அவர்களின் குழந்தைகள். படுக்கை அருகிலேயே உட்கார்ந்து அவர் வலியை விட்டுவிட்டு வேர்வையையும் வாந்தியையும் சில்லிட்ட கைகால்களையும் கவனித்துக் குறித்தார். ரத்தக் கொதிப்புக்குத் தரும் பிராசோசின் மாத்திரை இறுகிய குழாய்களைத் தளர்த்தும் என்று கண்டார். அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் எழுதியது 1986இல் 'லான்செட்' இதழில் வந்தது. நுரையீரலில் நீர் கோத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தது, ஒருவருக்கும் கீழே இறங்கியது. விஷமுறி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் குணமாவது விரைவுபடுகிறது என்பதை 2011இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது.

'நாட்டு அறிவு எதிர் மேலை மருத்துவம்' என்று இருமை கட்டிப் பேசும் நமது தோழர்கள் இதை எங்கே வைப்பார்கள்? தலைநகர ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல இந்த அறிவு. பாட்டன் சொத்தாகவும் வரவில்லை. செத்தவர்களையும் கணக்கில் சேர்த்ததால் கிடைத்தது. மேலை மருத்துவத்தின் அதிகாரத்தை விமர்சிக்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த விமர்சனத்துக்கான விலையை நாலு வயதுப் பிள்ளைகள் கொடுக்கக் கூடாது.

அப்பாயி மீது எனக்குக் கோபமில்லை. இரவு நேரம், பஸ் இல்லாத ஊர், அவள் கையில் இருந்தது ஒரு புளியங்கொட்டை. இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: கைகால் சில்லுன்னு இருக்கா? வேர்க்குதா? பக்கத்து சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருக்கா?