பழைய குடும்பப் படங்களுக்குப் புது ஆல்பம்: கிழிந்த தாள் மேலடுக்கைப் பயன்படுத்தும் முறை

லயத்து வீட்டு வாசலில் எடுத்த படம், தோட்டத்துக் கோயில் திருவிழாப் படம், தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் என நம்மவர் வீடுகள் பலவற்றில் பழைய படங்கள் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில், அங்கு வாழ்ந்ததற்கு அந்தப் படங்களே சாட்சி. ஓரம் கறைபட்டு மடிந்துபோன படங்களையும் கணினி ஆல்பத்தில் அழகாகச் சேர்க்க, கிழிந்த தாள் மேலடுக்கு உதவுகிறது.

மேலடுக்கு என்றால் என்ன?

கிழிந்த தாளின் படம்தான் அது. தாளைச் சுற்றியுள்ள பகுதி வெறுமையாக இருப்பதால், அடியிலுள்ள புகைப்படம் அதன் வழியே தெரியும். ஃபோட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், இணைய உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீ ஆகியவற்றில் படங்களை இவ்வாறு அடுக்கடுக்காக வைக்கலாம்.

முதலில் ஸ்கேன்

4ஆர் அளவு படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். அதை 8க்கு 12 அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். படத்தின் பின்புறத்தில் பெயரோ தேதியோ எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். 12 அங்குலச் சதுர ஆல்பப் பக்கத்திற்கு 3600க்கு 3600 பிக்சல் கொண்ட கோப்பைத் திறப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யலாம்

கெட்டியான வெள்ளைத் தாளை மெதுவாகக் கிழித்தால் ஓரத்தில் நார் தெரியும். அதன்மேல் கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்து, மென்பொருளில் கறுப்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். பிறகு பிஎன்ஜி வகையில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வகையில் வெறுமையான பகுதி தங்காது. கறுப்பை நீக்கச் சிரமமாக இருந்தால், அந்த அடுக்கை ‘ஸ்கிரீன்’ முறைக்கு மாற்றினால் போதும். கறுப்பு மறைந்து வெள்ளைத் தாள் மட்டும் நிற்கும்.

பயன்படுத்தும் இரு வழிகள்

தாளைப் புகைப்படத்தின் மேல் வைத்துக் கறைபட்ட ஓரத்தை மறைக்கலாம். அல்லது புகைப்படத்தைத் தாளுக்கு மேலடுக்கில் வைத்து, ஃபோட்டோஷாப்பிலும் ஃபோட்டோபீயிலும் உள்ள ‘கிளிப்பிங் மாஸ்க்’ வசதியால் தாளின் வடிவத்திற்குள் அடக்கலாம். அப்போது படமே கிழித்து ஒட்டியது போல இருக்கும். அதே தாளைச் சற்றுப் பெரிதாக்கி அடியில் வைத்தால், கிழிந்த ஓரத்தின் வெள்ளை விளிம்பும் கிடைக்கும். மெல்லிய நிழல் சேர்க்கலாம். ஆனால் பக்கம் முழுவதும் நிழல் ஒரே திசையில் விழ வேண்டும்.

எதை மறைக்கக்கூடாது?

கறையை மறைக்கலாம்; தகவலை மறைக்கக்கூடாது. ஸ்டூடியோ முத்திரை, எழுதிய தேதி, பின்னால் தெரியும் லயம் ஆகியவை ஓரத்தில்தான் இருக்கும். பாதி முகத்தோடு ஓரத்தில் நிற்பவரும் யாரோ ஒருவருடைய தாத்தாவாக இருக்கலாம். தாளை வைக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். மேலடுக்குத் தாளிலேயே அந்தப் பெயர்களை எழுதலாம்.

வேலை முடிந்ததும் அடுக்குகள் கலையாத கோப்பு ஒன்றையும், கைவைக்காத மூல ஸ்கேனையும் தனித்தனியே சேமித்து, வேறொரு வட்டில் நகல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆல்பத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் எப்போதும் இருக்கப்போவதில்லை.