மன்னார் முத்தும் வளர்ப்பு முத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுகூடத்தில் உருவாக்கப்படும் வைரங்கள் இன்று நகைக்கடைகளில் இயற்கை வைரங்களுக்கு அருகே வைத்து விற்கப்படுகின்றன. அவை உண்மையானவையா, போலியானவையா என்ற ஐயம் வாங்குவோரிடையே எழுந்துள்ளது. இதே ஐயம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் முன் முத்தைப் பற்றி எழுந்தது. யப்பானியர் வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தமையாலேயே மன்னாரின் முத்துக்குளிப்பு அழிந்தது என்று பலர் இன்றும் கருதுவர. இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களுக்கு எதிரேயுள்ள கடலடி மேடைகளே ‘பார்’ எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளாகும். வளைகுடாவின் மறுகரையிற் கொற்கையும் முத்தாற் புகழ்பெற்றது. அங்கு தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டனர் எனக் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளுஸ் என்னும் கிரேக்க நூல் கூறுகின்றது. முத்தின் ஒளிக்குப் பின்னால் மனித உயிரின் விலை இருந்தமைக்கு இது மிகப் பழைய சான்றாகும்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூவரும் இக்கடலின் வருவாயை நாடினர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் சுழியோடிகள் வந்து கூடினர். காலிற் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையிற் சேர்த்து, கயிறு பிடிப்பவரின் உதவியால் மேலேறுவதே முறையாகும். சுறாக்களை மந்திரத்தாற் கட்டுபவராக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ இன்றி அவர்கள் கடலில் இறங்கத் தயங்கினர். கரைசேர்ந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு சுழியோடும் தரப்பினருக்கும் உரியவாயின. பின்னர் அவை ‘கொட்டு’ எனப்படும் வேலியடைத்த வளவுகளில் அழுகவிடப்பட்டு, கழுவப்பட்டு, முத்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. துளையிட்ட பித்தளைத் தட்டுகளாற் பருமன் பிரித்து, ஆணி, வடிவு, குறுவல், தூள் முதலாய தரங்களாக வணிகர் அவற்றை வகுத்தனர். 1906இல் மரிச்சுக்கட்டி முகாமிற் பணிபுரிந்த லெனாட் வூல்வ், அங்கு நேர்ந்த அரபுச் சுழியோடி ஒருவரின் சாவைத் தம் நினைவு நூலில் விவரித்துள்ளார்.

இத்தொழில் இடையறாது நடைபெற்றதன்று என்பது இங்கு நோக்கத்தக்கது. ஒல்லாந்தர் காலத்தில் 1732 முதல் 1746 வரையும், 1768 முதல் 1796 வரையும் குளிப்பு நடைபெறவில்லை. பிரித்தானியர் காலத்திலும் 1838 முதல் 1854 வரையும், 1892 முதல் 1902 வரையும் படுகைகள் பயன்தரவில்லை. நீரோட்டமும் மணல் மூடுதலும் மீன்களின் இரையாதலும் இளஞ்சிப்பிகளை அழித்தன. இக்காரணங்களை ஆராயவே பேராசிரியர் ஹேட்மன் 1902இல் அழைக்கப்பட்டார். அவரும் ஜேம்ஸ் ஹோனெலும் செய்த ஆய்வுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தன.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு முன்னொருபோதும் காணாத அளவினது. ஏறத்தாழ 5,000 சுழியோடிகள் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை வாரினர். அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் கிடைத்தது. இவ்வெற்றியால் மயங்கிய இலண்டன் முதலீட்டாளர் கம்பனியொன்றை அமைத்து, 1906இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகை பெற்றனர். 1907இன் பின் படுகைகள் வறண்டன. கம்பனியும் சில ஆண்டுகளிற் கலைக்கப்பட்டது. 1925இல் மீண்டும் ஒருமுறை குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பழைய சிறப்புத் திரும்பவில்லை.

இனி யப்பானை நோக்குவோம். மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893இல் அரைக்கோள வளர்ப்பு முத்தைப் பெற்றார். முழு உருண்டை முத்தை ஆக்கும் முறை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாயிற்று. அத்தகைய முத்துகள் இலண்டன் சந்தையிற் பரபரப்பை ஏற்படுத்தியது 1921இலாகும். மன்னார்ப் படுகைகள் வறண்டதோ அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னராகும். எனவே வளர்ப்பு முத்தே மன்னாரை அழித்தது என்பது காலவரிசைக்கு ஒவ்வாது. பாரசீக வளைகுடாவின் நிலை வேறு: அங்கு 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வளர்ப்பு முத்தும் ஒருங்கே தாக்கிப் பஹ்ரைன், குவைத் துறைமுகங்களை வறுமைக்குள்ளாக்கின. மன்னாரை வீழ்த்தியவை கடலின் இயல்பும் அளவறியாத வாருதலுமே எனலாம்.

வளர்ப்பு முத்துப் போலியா? சிப்பியின் உடலுள் ஓட்டாற் செய்த ஒரு மணியையும் வேறொரு சிப்பியின் மென்சவ்வுத் துண்டையும் வைக்கின்றனர். அதைச் சுற்றி முத்துப் படலத்தைச் சுரப்பது அதே சிப்பியே. தொடங்கிவைப்பது மட்டுமே மனிதன். 1950களில் முதன்முதலில் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட வைரமும் அவ்வாறே தூய கரியாலானது. கண்ணாடி முத்தும், ‘அமெரிக்கன் டயமண்ட்’ எனப்படும் சேர்கோனியக் கல்லுமே வேறு பொருளாலானவை. பல்லில் மெல்லத் தேய்த்தால் முத்துப் படலம் சொரசொரக்கும், கண்ணாடி வழுக்கும். ஆயின் இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் இச்சோதனை பிரித்தறியாது. அதற்கு ஊடுகதிர்ப் படம் வேண்டும். எனவே விற்போர் எதை விற்கின்றனர் என்பதை எழுத்திற் பெறுதல் வாங்குவோரின் உரிமையாகும். ஒளியின் ஆழம், மேற்பரப்பின் தூய்மை, துளையின் விளிம்பிற் தெரியும் படலத்தின் தடிப்பு ஆகியவற்றையும் நோக்குதல் வேண்டும்.

பராமரிப்பிலும் வேறுபாடில்லை. இரண்டும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றாலானவை. வைரத்தினும் மிக மென்மையானவை. தேசிக்காய்ச் சாறும் பழப்புளியும் வியர்வையும் வாசனைத் திரவியங்களும் அவற்றைக் கெடுக்கும். அணிந்தபின் மென்துணியால் துடைத்து, பிற நகைகளோடு உராயாது தனியே வைத்தலும், தளர்ந்த நூலை மாற்றிக் கோத்தலும் வேண்டும்.

1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமி இவ்வளைகுடாவின் சிப்பியிலேயே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார். சுழியோடியின் உயிரைப் பணயம் வையாமலே அதே கடல் முத்தளிக்க வல்லது என்பதை இது காட்டியது. ஆளுநர் நோத் அரிப்பிற் கட்டிய மாளிகை இன்று கடலரிப்பால் இடிந்து சரிகின்றது. முத்தால் வந்த செல்வத்தின் அச்சின்னத்தைக் காணச் செல்வோர், முத்தை மேலே கொணர்ந்தோர்க்கு அக்கரையில் நினைவுச்சின்னம் உண்டா எனவும் வினவுதல் தகும். அவ்வினாவை எழுப்பிய பின், அபாயத்தின் வழி வந்தமையால் மட்டும் ஒரு மணியை உயர்ந்ததெனக் கொள்வது எளிதன்று.