சிமுலேட்டரோடு டீபக்கரை இணைத்தல்: சக்தி பிராசசரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சென்னை ஐஐடியின் ரைஸ் ஆய்வகத்தில் 2014-இல் தொடங்கிய சக்தி திட்டம், ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைக் கொண்டு பிராசசர்களை வடிவமைத்து, மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தது. அதன் ரைஸ்கிரீக் சிப்பில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. சிப் கைக்கு வரும் முன்பே அதில் ஓடவேண்டிய நிரலைச் சோதித்தாக வேண்டும். புளூஸ்பெக் மொழியில் எழுதிய வடிவமைப்பை வெரிலாக் ஆக்கி, வெரிலேட்டர் வழியே சி++ நிரலாக மாற்றினால், சாதாரணக் கணினியிலேயே அந்தப் பிராசசர் துடிப்புக்குத் துடிப்பு ஓடும். அதை நடுவழியில் நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று கேட்க ஜிடிபி என்ற டீபக்கர் வேண்டும். நாமே கட்டிய சிமுலேட்டருக்கு ஜிடிபியை எப்படிப் பழக்குவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஜிடிபியின் பேச்சு

தொலைவில் உள்ள இலக்கோடு ஜிடிபி சிறு சிறு எழுத்துச் செய்திகளாகப் பேசுகிறது. ரெஜிஸ்டர்களைக் கேட்க, டாலர் குறி, சின்ன 'ஜி', ஹாஷ் குறி, 67 என்று அனுப்பும். கடைசி இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புக் கூட்டல். 'ஜி'யின் ஆஸ்கி மதிப்பு பதினாறடிமானத்தில் 67. பதிலில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு இலக்கமாக, கடைசி பைட் முதலில் வரும்படி அமைய வேண்டும். 64 பிட் சக்தியில் நிரல் பதினாறடிமானத்தில் 80000000 என்ற முகவரியில் நிற்கிறது என்றால் 0000008000000000 என்று அனுப்ப வேண்டும். பைட் வரிசை புரண்டால் ஜிடிபி முறையிடாது. தவறான முகவரியை நம்பி, நம்மையும் நம்ப வைக்கும். முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

3. இரண்டு வழிகள்

முதல் வழி, சிமுலேட்டருக்குள்ளேயே இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் பகுதியை எழுதிவிடுவது. கியூஇஎம்யூ எமுலேட்டர் இப்படித்தான் 1234 என்ற போர்ட்டில் காத்திருக்கிறது. எழுதுவது எளிது, வேகமும் அதிகம்.

இரண்டாவது சுற்றுவழி. ஜிடிபி ஓப்பன்ஓசிடி என்ற இடைநிலை மென்பொருளிடம் பேசும். ஓப்பன்ஓசிடி, சிப்பின் டீபக் மாட்யூலுக்குச் செல்லும் ஜேடேக் கம்பிகளை ஆட்டும். சிமுலேட்டரில் அந்தக் கம்பிகளுக்குப் பதில் ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கான ரிமோட் பிட்பேங் முறை மிக எளியது. கடிகாரக் கம்பிக்கு 4, நிலை மாற்றும் கம்பிக்கு 2, தரவுக் கம்பிக்கு 1. கூட்டி வரும் ஒரே இலக்கம்தான் செய்தி. 6 வந்தால் முதல் இரண்டும் உயர்ந்து, தரவு தாழ்ந்திருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கவே நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஓடும்.

மெதுவானது என்றாலும், வன்பொருளை வடிவமைப்பவர் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வழியில் சிமுலேட்டர் பிராசசரின் நினைவகத்தை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. சிப்பில் இடம்பெறப்போகும் டீபக் மாட்யூல் சோதிக்கப்படுவதே இல்லை. அதில் வழு இருந்து சிப் அச்சாகிவிட்டால், பிற வழுக்களைத் தேடும் கருவியே நம்மிடம் இராது. சக்தியின் சி-கிளாஸ் பிராசசர் சிமுலேஷனும் ஓப்பன்ஓசிடி வழியாகவே ஜிடிபியை ஏற்கிறது.

4. நேரச் சிக்கல்

பதிலுக்கு ஜிடிபி இயல்பாக 2 விநாடிதான் காத்திருக்கும். சிமுலேட்டரின் ஒரு விநாடி நம் கடிகாரத்தில் பல மணி நேரமாகலாம். ஜிடிபியின் ரிமோட்டைம்அவுட் அளவை முதலிலேயே உயர்த்திவிட வேண்டும். இன்னொன்று பலருக்குப் பிடிபடாதது: சுற்றுவழியில் பிராசசர் நின்ற பிறகும் சிமுலேட்டரின் கடிகாரம் நிற்கக் கூடாது. டீபக் மாட்யூல் அந்தத் துடிப்பில்தான் உயிர்வாழ்கிறது. முதல் வழியிலோ கடிகாரத்தை முழுக்க நிறுத்தலாம். ஆனால் நிரல் ஓடும்போதும் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும், இல்லையேல் கண்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் ஒற்றை பைட் கேட்பாரற்றுப் போகும்.

5. தருமபுரிக்கு

தருமபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இதைச் செய்ய விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை; வெரிலேட்டர், ஓப்பன்ஓசிடி, ஜிடிபி மூன்றும் இலவசம். லினக்ஸ் ஓடும் ஆய்வகக் கணினி போதும். பிறகு ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ போர்டு ஒன்று கிடைத்தால், வடிவமைப்பை அதில் ஏற்றி, ஓப்பன்ஓசிடி அமைப்புக் கோப்பில் பிட்பேங் வரிகளை எடுத்துவிட்டு அந்த போர்டின் ஜேடேக் அடாப்டர் விவரத்தை எழுதினால் போதும். ஜிடிபி கட்டளைகள் அப்படியே செல்லும்.