நாடிழந்த மன்னரும் ஏடுகள் நிறைந்த மாளிகையும்

காவிரி பாய்ந்து கதிர் முற்றும் தஞ்சைத் தரணியை ஆண்ட மன்னர்கள் பலர். கோயில் எழுப்பினோர் உண்டு. போர் தொடுத்தோர் உண்டு. புலவரைக் கூட்டிப் புகழ்மாலை சூடிக்கொண்டோரும் உண்டு. புத்தகப் பித்துப் பிடித்த மன்னர் யாரெனக் கேட்டால், முதலில் நம் நினைவுக்கு வருபவர் மராட்டிய மரபின் இரண்டாம் சரபோசி.

1777-இல் பிறந்த அவர், சுவார்ட்சு பாதிரியாரின் அரவணைப்பில் கல்வி பயின்று, 1798-இல் அரியணை ஏறினார். ஏறிய மறு ஆண்டே கும்பினியார் உடன்படிக்கை ஒன்றை நீட்டினர். நாட்டை ஆளும் பொறுப்பு வெள்ளையரிடம் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு ஓரிலட்சம் வராகனும் மன்னருக்கு என்றாயிற்று. வாளுக்கு வேலையில்லை, வரிப்பணமோ வந்துகொண்டே இருந்தது. இந்நிலையிலிருந்த சிற்றரசர் பலர் சிற்றின்பத்தில் மூழ்கிச் சீரழிந்த கதையை நாம் அறிவோம். சரபோசி ஏடுகளில் மூழ்கினார்.

நாயக்கர் காலத்திலேயே அரண்மனையில் ஏடுகளின் பண்டாரம் ஒன்று இருந்தது. அதைச் சரசுவதி மகாலாக வளர்த்தவர் இவரே. 1820-இல் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டார். யாத்திரை போவோர் கங்கை நீரைச் செம்பில் அடைத்துக் கொண்டு வருவர். இவரோ சுவடிகளைத் தேடித் தொகுத்துக் கொண்டு வந்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் எனப் பல மொழிகளில் ஏறத்தாழ 4,500 அச்சு நூல்களைக் கடல் கடந்து வரவழைத்தார். மருத்துவம், உடற்கூறு, பூகோளம் எல்லாம் அவற்றில் அடங்கும். சான்சனின் அகராதியும் அங்கே வந்து சேர்ந்தது. நூல்களில் தம் கையெழுத்தை இட்டு வைப்பது அவர் வழக்கம். நூலை நேசிப்பவன் அரசனாயினும் ஆண்டியாயினும் இந்த ஆசை ஒன்றுதான் போலும்!

சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1805-இல் அரண்மனையில் அச்சகம் நிறுவினார். அங்கே அச்சேறிய தொடக்ககால நூல்களுள் ஒன்று, ஈசாப்பின் கதைகளின் மராட்டி ஆக்கம். நரியும் காகமும் பேசும் கிரேக்க நாட்டுக் கற்பனை, காவிரிக் கரையில் அச்செழுத்தாயிற்று. புராணம் இருக்க இதை அச்சிடத் துணிந்த மனத்தை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

அவரே எழுதியதாக வழங்கும் தேவேந்திர குறவஞ்சி இதனினும் சுவையானது. குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், குறி சொல்வாள். அது தமிழ்க் குறவஞ்சியின் மரபு. அந்த வடிவத்தை மராட்டி மொழியில் எடுத்தாண்டு, குறத்தியின் வாயால் உலகப் பூகோளத்தையே பாட வைத்தார்! வடிவத்தைத் தந்தது தமிழ். செய்தியைத் தந்தது மேனாடு. அதே காலத்தில், கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இம்மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கித் தமிழில் சரபேந்திர பூபால குறவஞ்சி பாடினார்.

இவ்வளவு பாராட்டியபின் ஒன்றைக் கேட்காமலிருக்க இயலுமா? இந்த ஏடுகளுக்கு விலை கொடுத்தது யார்? வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு என்றோமே, அது வயலில் விளைந்த வருவாய். சேற்றில் நின்று நாற்று நட்ட உழத்தியும், ஏர் பிடித்த பண்ணையாளும் ஈந்தது. அவர்களுள் எத்தனை பேருக்கு எழுத்தறிவு இருந்தது? அரண்மனைப் படி ஏற எவருக்கு உரிமை இருந்தது? மன்னர் பள்ளிகள் அமைத்தார் என்பது உண்மை. அந்தப் பள்ளி சேரிக்கு எவ்வளவு எட்டியது என்பது கேள்வி. இம்மகாலில் இன்றுள்ள சுவடிகள் ஏறத்தாழ 49,000. அவற்றுள் வடமொழிச் சுவடிகள் 39,000-க்கு மேல். தமிழ்ச் சுவடிகள் 4,000-ஐக்கூட எட்டவில்லை. தமிழ் மண்ணில், தமிழர் உழைப்பில் எழுந்த களஞ்சியத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. ஆயினும் அந்தச் சிறு பங்கிலும் செல்வம் உண்டு. தன்வந்திரி மகாலில் ஆய்ந்து கண்ட மருத்துவ முறைகள் சரபேந்திரர் பெயரால் தமிழ்ச் செய்யுளாயின. அவை அச்சேறியுள்ளன, நாமும் படிக்கலாம்.

சரபோசி 1832-இல் மறைந்தார். 1855-இல் அவர் மகன் சிவாசி ஆண் வாரிசின்றி இறக்க, அரசே இல்லாமற் போயிற்று. ஏடுகள் எஞ்சின. அவை பொதுமக்களுக்கு உரியவை ஆனது 1918-இல்தான்.

அதற்கு ஏழாண்டு முன்பே, 1911-இல், அரண்மனைக்கு அண்மையிலுள்ள கரந்தையில் தமிழ்ச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. உமாமகேசுவரனார் அதன் தலைவரானார். கொட்டிக் கொடுக்க அங்கே கருவூலம் இல்லை. அன்பர்கள் தந்த பொருளைக் கொண்டே நூல்நிலையம் அமைத்தார்கள். 1925 முதல் ‘தமிழ்ப்பொழில்’ என்னும் திங்களிதழையும் நடத்தினார்கள்.