வாசகர் வந்து சேர்ந்த வழி

1920ஆம் ஆண்டில் பாரதி தம் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தாம் அதுவரை எழுதியவற்றை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதிகள் அச்சிடுவது அவரது திட்டம். ஆக, நான்கு லட்சம் பிரதிகள். அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விற்றுப்போகும் என்று அவர் மனதார நம்பினார். அச்சுச் செலவுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது நேரெதிரான ஓர் அறிவிப்பைச் செய்தார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அது. அந்த எல்லையை இதழ் தொடவே இல்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. இடையில் செல்லப்பா எழுத்துப் பிரசுர நூல்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் என்பது சிற்றிதழ் வாசகர் அனைவரும் அறிந்த செய்தி.

நான்கு லட்சம் என்ற கனவுக்கும் இரண்டாயிரம் என்ற வைராக்கியத்துக்கும் இடையில்தான் நவீனத் தமிழ் எழுத்து தன் வாசகரைத் தேடி அலைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்ற தடைகள் அச்சுக்கூலி, காகிதம், தபால், கடைக்காரரின் கழிவு. இணையம் வந்ததும் இந்நான்கும் ஒரே நாளில் ஒழிந்தன. இனி எழுதினால் போதும், வாசகர் தாமே வந்து சேர்வார் என்று நம்மில் பலரும் எண்ணினோம். அவர் தாமே வரவில்லை. யாரோ சிலர் வழி அமைத்ததால் வந்தார். அந்த வழியின் வரலாறு முறையாக எழுதப்படாமலே பழங்கதையாகிக் கொண்டிருப்பதால், நாம் அறிந்த அளவில் இங்கே தொகுத்துப் பார்க்கிறோம்.

முதல் தடை எழுத்துருவிலேயே இருந்தது. இணையத்தில் தமிழ் முதலில் காலூன்றியது தமிழகத்தில் அல்ல. 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய வலைத்தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் தொடங்கிவைத்தார். அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடற்குழு என எல்லாமே கடல் கடந்த முயற்சிகள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் வலையேற்றத் தொடங்கியது. அடுத்த ஆண்டு திண்ணை இணைய இதழ் வந்தது.

ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு வேண்டியிருந்தது. ஒரு நாளிதழைப் படிக்க ஓர் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவிய வாசகர், அடுத்த தளத்துக்குப் போனால் புரியாத ஐரோப்பியக் குறிகளின் வரிசையைத்தான் காண்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு தாம், தாப் ஆகிய குறியீடுகளை ஏற்றது. இணையத்தில் இருந்தவர்களோ பெரும்பாலும் திஸ்கியில் எழுதினர். ஒரு மொழிக்குள்ளேயே ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து படிக்க முடியாத நிலை. வாசகர் கூட்டம் என்ற ஒன்று உருவாவதற்கு அடிப்படையான நிபந்தனையே அங்கு இல்லை.

இதைத் தீர்த்தது ஒருங்குறி. அதில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை பரவிய பிறகே அது சாதாரணக் கணினிகளை எட்டியது. அப்போதும் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் விண்டோஸ் 98தான் ஓடிக்கொண்டிருந்தது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே நின்றன. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி உருவாக்கிய தேனீ இயங்கு எழுத்துரு அந்தப் பழைய கணினிகளிலும் ஒருங்குறித் தமிழைப் படிக்க வைத்தது. தட்டச்சுக்கு எ-கலப்பை வந்தது. பழைய குறியீடுகளிலிருந்து மாற்றிக்கொள்ள சுரதாவின் பொங்குதமிழ் இருந்தது. இவை எல்லாம் இலவசமாகக் கிடைத்தவை. இவர்களில் எவரும் தம் எழுத்துக்கு வாசகர் சேர்க்க இதைச் செய்யவில்லை. தமிழக அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது 2010இல். அதற்குள் ஒரு தலைமுறையே ஒருங்குறியில் எழுதி, சண்டையிட்டு, ஓய்ந்தும் போயிருந்தது.

வலைப்பதிவுகள் தமிழில் 2003இன் தொடக்கத்தில் தோன்றின. பிளாக்கர் சேவையை அவ்வாண்டு பிப்ரவரியில் கூகிள் வாங்கியது. எவரும் ஐந்து நிமிடத்தில் ஒரு பதிவைத் தொடங்கலாம் என்றாயிற்று. இங்கேதான் இரண்டாம் தடை வந்தது. தாளில் ஓர் இதழ் கடையில் தொங்கும். போகிறவர் கண்ணில் படும். வலைப்பதிவோ முகவரி தெரிந்தவருக்கு மட்டுமே திறக்கும் வீடு. தொடக்கத்தில் ஆர்வலர்கள் சிலர் தமிழ்ப்பதிவுகளின் பட்டியலைக் கையால் தொகுத்து வைத்தனர். வாரம் ஒருவர் பொறுப்பேற்று மற்றவர்களின் எழுத்தை அறிமுகம் செய்யும் வழக்கமும் உண்டாயிற்று. பதிவுகள் நூறைத் தாண்டும்போது கைப்பட்டியல் எப்படித் தாங்கும்?

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். அதன் இயக்கம் எளியது. ஒவ்வொரு வலைப்பதிவும் வெளியிடும் செய்தியோடையை அது குறித்த இடைவெளியில் படிக்கும். புதிய இடுகை இருந்தால் தலைப்பையும் முதற்சில வரிகளையும் முகப்பில் காட்டும். முகப்பில் யாருக்கும் தனிச் சலுகை இல்லை. நேற்று எழுதத் தொடங்கியவரும் பல நூல்கள் எழுதியவரும் வந்த நேர வரிசையில் அடுத்தடுத்து நின்றனர். துபாயில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியவர், டொரொண்டோவில் பனிக்காலத்தைக் கழிப்பவர், மதுரையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் படிப்பவர் என எல்லோரும் ஒரே முகப்புக்கு வந்தனர். நம் ஊர் ஆலமரத்தடியை இதற்கு உவமை சொல்வதுண்டு. சந்தை என்ற உவமை இன்னும் பொருந்தும். அங்கே கடை விரித்தவரே அடுத்த கடையின் வாடிக்கையாளராகவும் இருந்தார்.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. அக்காலத் தமிழ் வலைப்பதிவின் வாசகர் பெரும்பாலும் இன்னொரு வலைப்பதிவர். தாம் வாசிக்கப்பட வேண்டுமானால் பிறரை வாசித்தாக வேண்டும். வாசித்ததற்கு அடையாளமாக ஒரு பின்னூட்டம் இட வேண்டும். மறுமொழி பெற்ற இடுகைகள் முகப்பின் ஒரு பக்கத்தில் மீண்டும் எழுந்து வந்ததால், பின்னூட்டமே நாணயமாயிற்று. நாணயம் என்று ஒன்று வந்தால் கள்ள நாணயமும் வரும். 'மீ த பர்ஸ்ட்டு', 'ரிப்பீட்டே' என்று ஒற்றைச் சொல் மறுமொழிகள் குவிந்தன. வந்த பின்னூட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நன்றி சொல்லி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் உத்திக்குப் பின்னூட்டக் கயமை என்று பதிவர்களே பெயர் வைத்துச் சிரித்தனர். திரட்டியும் சும்மா இருக்கவில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மறுமொழி பெற்ற இடுகையை அப்பட்டியலிலிருந்து விலக்கும் உயரெல்லை வந்தது. அதிகம் சொடுக்கப்பட்டவற்றைக் காட்டிய 'சூடான இடுகைகள்' பகுதி, தலைப்பில் நெருப்பு வைக்கும் போட்டியைத் தூண்டியதால் பெரும் விவாதத்துக்குப் பின் நீக்கப்பட்டது.

இன்று திரும்பிப் பார்க்கையில் இந்த நிகழ்ச்சி நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கூட்டத்தைச் சேர்க்கும் கருவி எழுத்தின் தரத்தைக் கெடுக்கிறது என்று கண்டவுடன், அந்தக் கருவியையே அகற்றிவிட ஒரு தளத்துக்கு மனமிருந்தது. அதைக் கேட்டு வழக்காட எழுதுபவர்களுக்கு இடமும் இருந்தது. நடத்தியவர்களின் பெயர் தெரியும், அவர்களைத் திட்டலாம், அவர்கள் பதில் எழுதுவார்கள். 2006இல் தமிழ்மணம் அமெரிக்காவிலிருந்து இயங்கிய, இலாபநோக்கற்ற தமிழ் மீடியா இன்டர்நேஷனல் அமைப்பின் பொறுப்புக்கு மாறியது. பிறகும் அந்தப் பண்பு பெருமளவு நீடித்தது.

ஆனால் தன்னார்வத்தின் மேல் எழுப்பிய கட்டடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சில மனிதர்களின் தோளில் நிற்கிறது. தேன்கூடு என்ற இன்னொரு திரட்டியை நடத்திவந்தவர் 2007இல் இளம் வயதிலேயே மறைந்தார். அத்தளமும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 2008இல் தோன்றிய தமிழிஷ் பின்னர் இன்ட்லி எனப் பெயர் மாறி, அதுவும் மங்கியது. 2013 ஜூலையில் கூகிள் தன் ரீடர் சேவையை மூடியபோது, விருப்பமான பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துப் படித்துவந்தவர்கள் சிதறினர். தமிழ்மணமும் மெல்ல ஓய்ந்தது.

சந்தை கலைந்தது என்பதைவிட இடம் மாறியது என்பதே பொருத்தம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதிவர்கள் ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் போனார்கள். காரணம் சோம்பல் மட்டுமல்ல. வலைப்பதிவில் ஐம்பது பேர் படிக்கும் இடுகையை முகநூலில் ஐந்நூறு பேர் படித்தார்கள். பின்னூட்டம் எழுதத் தயங்கியவர்கூட ஒரு விருப்பக்குறி இட்டுப் போனார். பாரதி கனவு கண்ட பெருந்தொகை முதன்முறையாகக் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது. அதைத் தேடிப் போனவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். நம்மில் பலரும் போனோம்.

மாறியது என்னவென்றால், யார் கண்ணில் எது படும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம். திரட்டியில் வந்த நேரம் ஒன்றே வரிசையின் விதி. எல்லோருக்கும் தெரிந்த விதி. முகநூலின் ஓடையை அந்நிறுவனத்தின் கணிப்புநிரல் வரிசைப்படுத்துகிறது. அதன் விதி எழுதுபவருக்குத் தெரியாது. பயனரைத் தளத்துக்குள்ளேயே இருத்துவது அதன் வணிகம். எனவே வெளியே செல்லும் சுட்டியைவிட உள்ளே கிடக்கும் சண்டைக்கு அங்கே முகமதிப்பு அதிகம். அன்று ஒரு பகுதியை நீக்கச் சொல்லி வழக்காடிய நாம், இன்று அந்த நிரலின் விருப்பத்தை ஊகித்து நம் பத்தியின் நீளத்தைக் குறைத்துக்கொள்கிறோம்.

எல்லோரும் அப்படிப் போய்விடவில்லை. ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசைத் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தம் இணையப் பதிப்பில் வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களாக நிறைவு செய்தார். மகாபாரதத்தை மறுபடி எழுதும் நெடும்படைப்பு ஒன்று, ஆறரை ஆண்டுகள், கைப்பேசித் திரையிலும் படிக்கப்பட்டது. அவரது அழகியலில் உடன்படாதவர்களும் இந்த உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வாசகரைச் சேர்த்த முறை முற்றிலும் பழையது. நாள் தவறாமை, வாசகர் கடிதங்களை வெளியிட்டுப் பதில் எழுதுதல், பழைய எழுத்து அனைத்தையும் தேடி எடுக்கும்படி தம் சொந்த முகவரியில் வைத்திருத்தல். 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது கல்கியின் வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. 2009இல் தொடங்கிய சொல்வனம் போன்ற இணைய இதழ்களும் தம் முகவரியை விட்டு நகராமல் இதே வழியில் நடந்துவருகின்றன.

இங்கே நம் உண்மையான கவலைக்கு வருகிறோம். 2019 டிசம்பரில் யாஹூ நிறுவனம் தன் குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களையும் கோப்புகளையும் அகற்றியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குழுமங்களையே மூடியது. வலைப்பதிவுக்கு முந்திய தமிழ் இணைய விவாதங்களில் பெரும்பகுதி அத்தகைய குழுமங்களில்தான் நடந்தது. நாவலைப் பற்றி, யாப்பைப் பற்றி, ஈழத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவற்றில் யாரேனும் தம் கணினியில் சேமித்தது போக மற்றவை போயின. திரட்டிகளின் பழைய முகப்புகளும் அப்படியே. பதிவுகள் பல இன்னும் பிளாக்கரில் திறக்கின்றன. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று இணைத்த சுட்டிகள் செத்துவிட்டன. கரையான் தின்ற சுவடிக்காக உ.வே.சா. வருந்தினார். நாம் கண்ணெதிரே எழுதியது, கரையானுக்கும் வேலையின்றி மறைந்தது.

செல்லப்பாவின் எழுத்து சில நூறு பேரை எட்டியது. ஆனால் அதன் பழைய இதழ்களை நூலகங்களில் இன்றும் புரட்டலாம். தமிழ்ப் புதுக்கவிதை பற்றி எழுதுபவர் அதைத் தொடாமல் போக முடியாது. முகநூலில் ஆயிரம் விருப்பக்குறி பெற்ற நல்லதொரு விமரிசனத்தை அடுத்த மாதம் அதை எழுதியவராலேயே தேடி எடுக்க முடிவதில்லை. இன்று ஓடையில் நம்மைக் கடந்து போகிறவர் ஒரு வாசகர். பத்தாண்டு கழித்துத் தேடி வருபவர் இன்னொரு வாசகர். முதலாமவரைச் சேர்க்கும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம். இரண்டாமவருக்காகச் செய்ய வேண்டியவை சிறிய வேலைகள்தாம். எழுதியதை முதலில் சொந்த முகவரியில் இடுவது, பிறகு அதன் சுட்டியை மட்டும் சந்தைக்குக் கொண்டுபோவது, பிடித்த பிறர் பதிவுகளைப் பட்டியலிட்டு வைப்பது, செத்த சுட்டிகளை ஆண்டுக்கொரு முறை திருத்துவது, எல்லாவற்றுக்கும் ஒரு படி எடுத்து வைப்பது.

இந்த இடத்தில் எழுதுகிற நாங்கள் சிலர், எங்கள் பழைய இடுகைகளிலிருந்து அவ்வேலையைத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் கணினியின் மூலையில் அக்காலத்து மடல்களோ, சேமித்த பக்கங்களோ கிடந்தால் அழித்துவிடாதீர்கள்.