வீட்டுக் குளமும் கூட்டு வயலும்

முதலாவது குளம், அடுத்தது தோட்டம், மூன்றாவதே வயல் என்பது வியட்நாமிய உழவரின் பழமொழி. செந்நதிப் படுகையில் இது வெறும் சொல்லன்று. தலைமுறைகளின் உழைப்பு கற்பித்த அறிவு.

வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் வீட்டுக்கு மேடு வேண்டும். அதற்காக மண் அகழ்ந்த பள்ளமே குளமாயிற்று. கோடை மழையில் அதன் நீர்மேல் கங்குன் படரும். கழித்த இலையும் களைப்புல்லும் கெண்டைக்கு இரையாகும். குளிர்காலத்தில் கோவாவும் நோக்கோலும் பாத்திகளில் தழைக்கும். சந்திரப் புத்தாண்டு நெருங்கும்போது குளத்தை இறைத்து மீன் பிடிப்பர். அடியிற் படிந்த சேறு அடுத்த பயிருக்கு எருவாகும். எதுவும் வீணாவதில்லை.

1953 முதல் 1956 வரை நடந்த நிலச்சீர்திருத்தம் வட வியட்நாமில் நிலப்பிரபுவின் பிடியை உடைத்தது. 1958இன் பின் கூட்டுறவுகள் பரவின. வீட்டுத் தோட்டமும் சிறு குளமும் போக, குடும்பத்துக்கு விடப்பட்டது நிலத்தில் ஏறத்தாழ 5 வீதமே. ஆயினும் பல குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது அச்சிறு துண்டுதான். கூட்டு வயலில் உழைப்புக்குப் புள்ளிக் கணக்கு. வீட்டுப் பாத்தியிலோ உழைப்பின் பயன் கண்முன்னே.

1981இல் 100ஆம் பணிப்புரை குடும்பங்களோடு ஒப்பந்தத்துக்கு இடமளித்தது. 1988இல் 10ஆம் தீர்மானம் குடும்பத்தையே விவசாயத்தின் அடிப்படை அலகாக ஏற்றது. 1989இல் வியட்நாம் பெருமளவு அரிசி ஏற்றுமதி செய்தது.

இதைக் காட்டிக் கூட்டுழைப்பையே எள்ளுவோர் உளர். வெள்ளந்தடுக்கும் அணைக்கரையைத் தனிக்குடும்பம் கட்டிவிடாது என்பதை அவர்கள் மறக்கின்றனர். நாம் மறக்கலாகாதது வேறொன்று: விளைச்சலின்மீது உழைப்பவனுக்குச் சொல்லுரிமை இல்லையெனில், கூட்டுறவு என்பது பெயரளவிலேயே நிற்கும்.