வேட்டைத் துப்பாக்கியின் குறித்தூரம்: 19ஆம் நூற்றாண்டின் ஒரு விவாதம்

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய துப்பாக்கியால் வேட்டையாடியவர்கள், காட்டுக்குள் நுழையும் முன்பே ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும்: குறியை எத்தனை கஜத்துக்குப் பொருத்துவது? இந்தக் கேள்வி 1860களில் இந்தியக் காடுகளை முன்வைத்துப் பெரிய விவாதமாகவே நடந்தது.

குழலை விட்டு வெளிவந்த கணமே குண்டு கீழே விழத் தொடங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட, பார்வைக் கோட்டைவிடக் குழல் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி முன்குறியையும் பின்குறியையும் அமைப்பார்கள். குண்டு கோட்டுக்குக் கீழிருந்து கிளம்பி, அதைக் கடந்து மேலேறி, வளைந்து இறங்கி மீண்டும் கோட்டைத் தொடும். அப்படித் தொடும் இடமே குறித்தூரம்.

உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தை விரைவாக இழக்கும். அரை அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டை நிறைய மருந்திட்டு, 50 கஜத்துக்குக் குறி பொருத்திச் சுட்டால், 100 கஜத்தில் அது மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்துபோகும். 150 கஜத்தில் ஓரடிக்கும் மேல் தாழும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியின் குறுக்களவு ஏறக்குறைய எட்டு அங்குலம்தான். தூரத்தைத் தவறாகக் கணித்தால் குண்டு காலில் படும், அல்லது வயிற்றில் படும்.

இராணுவம் இதற்கு வேறு விடை கண்டிருந்தது. 1849இல் பிரான்சின் மினியே அறிமுகப்படுத்திய நீள்வடிவக் குண்டு வெகுதூரம் சென்றது. பிரிட்டனின் 1853 என்ஃபீல்டு ரைஃபிளில் 900 கஜம் வரை உயர்த்தக்கூடிய ஏணி போன்ற பின்குறி இருந்தது. சுமார் 34 கிராம் குண்டுக்கு நாலரை கிராம் மருந்துதான். வேகம் குறைவு என்பதால் பாதை மிகவும் வளைந்தது. 300 கஜத்துக்குக் குறியை உயர்த்திச் சுட்டால், நடுவழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு மூன்றடிக்கும் மேலே பறக்கும். எதிரே படைவரிசை நின்றால் யார்மீதாவது படலாம். புதருக்குள் பாதி மறைந்து நிற்கும் கடமானுக்கு இந்தக் கணக்கு உதவாது.

இதைத்தான் ஜேம்ஸ் ஃபோர்சைத் எடுத்துச் சொன்னார். மத்திய இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி அவர். 1863இல் வெளியிட்ட வேட்டை ரைஃபிள் பற்றிய நூலில் அவர் வைத்த வாதம் எளிமையானது. காட்டில் விலங்கு பெரும்பாலும் 150 கஜத்துக்குள்தான் கண்ணில் படுகிறது. அங்கே ஏணியை உயர்த்தித் தூரம் கணக்கிட நேரம் கிடையாது. ஆகவே ஒரே நிலையான குறி போதும். அந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் குண்டு சில அங்குலத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதற்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு மருந்து வேண்டும்.

மருந்தைக் கூட்டினால் இன்னொரு தொல்லை முளைத்தது. குழலுக்குள் வெட்டிய புரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. புரி நெருக்கமாக இருந்து மருந்தும் அதிகமானால், மென்மையான ஈயம் புரியைப் பற்றாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும், குறி சிதறும். என்ஃபீல்டின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஃபோர்சைத் 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அதைத் தளர்த்தினார். உருண்டைக் குண்டு நிலையாகப் பறக்க மிகுந்த சுழற்சி தேவையில்லை என்பது அவருடைய கணிப்பு. அவர் விரும்பிய 14 போர் குண்டு, என்ஃபீல்டு குண்டைவிடச் சற்றே எடை குறைந்தது. மருந்தோ மிக அதிகம். தோளில் விழும் உதையும் அப்படியே.

இந்தப் பாதையில் அவருக்கு முன்பே நடந்தவர்கள் உண்டு. இலங்கையில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டலின் கிப்ஸிடம் செய்வித்த ரைஃபிள் ஒன்பதரை கிலோ எடை. ஒரு வெடிக்கு ஏறக்குறைய 28 கிராம் மருந்து. தூக்கிச் சுமக்க ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கே அது ஒத்துவரும்! 1856இல் லண்டனின் பர்டி நிறுவனம் எடை குறைந்த குண்டை அதிக மருந்தால் செலுத்தும் ரைஃபிள் ஒன்றைச் செய்து, 'எக்ஸ்பிரஸ் ட்ரெயின்' என்று பெயரிட்டது.

துல்லியப் பந்தயத்தில் நீள்குண்டே வெல்லும், அதில் ஐயமில்லை. ஆனால் பந்தயத்தில் தூரம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. காட்டில் அதைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அதுவும் ஓரிரு நொடியில். மதிப்பீடு பிசகினால் விலை கொடுத்தவர் பெரும்பாலும் சுட்டவர் அல்லர். காயம்பட்ட புலியைப் புதரிலிருந்து கலைக்கப் பறையடித்துக்கொண்டு கால்நடையாகச் சென்றவர்கள் கிராமத்து ஆட்கள். துரை யானைமேலோ மரத்துப் பரண்மேலோ இருப்பார். குறியைத் தொலைதூரத்துக்கு வைத்துப் பெருமை பேசியவர்களைவிட ஃபோர்சைத்தின் வாதம் எனக்கு வலுவாகத் தோன்றுவது இதனால்தான்.

ஃபோர்சைத் 1871இல் இளவயதிலேயே இறந்தார். அதற்குள் பின்வழியே தோட்டா போடும் துப்பாக்கிகள் பரவிவிட்டன. வாய்வழிக் கெட்டிப்பும், அவர் வாதாடிய உருண்டைக் குண்டும் மெல்லப் பின்தங்கின. குறித்தூரம் பற்றிய அவருடைய கருத்து மட்டும் புதிய துப்பாக்கிகளிலும் தொடர்ந்தது. பின்னாளில் வந்த எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களில் 100 அல்லது 150 கஜத்துக்கு ஒரு நிலையான குறி நிற்கும். அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கான இலைகள் மடிந்து படுத்திருக்கும்.